வலது தோளில் வால்ஸ்

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். மெல்பர்னுக்கு வந்த புதிதில், இறங்குகிறவர்கள் எல்லோரும் டிரைவரின் சொந்தக்காரர்கள் என்றே நினைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய பெரியவர்கள், தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய வாலிபன், எல்லோரும் ஒருவர் விடாமல் "தேங்க்யூ, டிரைவர்" என்கிறார்கள். அவரும் சலிக்காமல் "நோ வொரீஸ்" என்கிறார். நம் காந்தி மார்க்கெட் ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது டிரைவரைப் பார்த்து நன்றி என்று சொல்லியிருந்தால், கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்திருப்பார். ஓட்டுவது அவர் வேலை, இறங்குவது நம் சாமர்த்தியம் என்பதுதான் திருச்சியில் இருந்த ஏற்பாடு.

இங்கே பாராட்டு என்பது குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர். அதை நான் நன்றாகப் பார்ப்பது வியாழக்கிழமை சாயங்காலங்களில். மெல்பர்ன் புறநகரான டான்டினாங்கில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாதாகோவில் ஹாலில் நாங்கள் பால்ரூம் டான்ஸ் ஆடுகிறோம். ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு வால்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் என்று தாளத்துக்கு ஒரு நடையாக ஹாலைச் சுற்றி வருகிற ஆட்டம்தான். நான்கு ஜோடிகள் சேர்ந்தால் ஒரு டீம். போட்டிகளுக்கெல்லாம் போகிறோம். நாற்பதை நெருங்குகிற திருச்சி பாலக்கரைப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியாரும் அதையேதான் கேட்டார். அந்த ஹாலில் ஒருத்தி ஷூவை மாட்டினாலே "லவ்லி" என்கிறார்கள், கழற்றினால் "வெல் டன்" என்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எங்கள் கேப்டன் டல்சி ஆன்ட்டி தமிழில் கத்துவார்: "ஏ கழுதைங்களா! தூக்கத்துல நடக்குறீங்களா? முதுக நிமித்துங்க மேன்!" வெள்ளைக்காரர்கள் அர்த்தம் கேட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன்: "உங்களைப் பார்க்கவே அழகாக இருக்கிறதாம். முதுகு நிமிர்ந்தால் இன்னும் அழகாம்." டல்சியின் தாய்மொழி இங்கிலீஷ். ஆனால் திட்டுவதற்கு அந்த மொழி அவருக்கு எப்போதுமே போதியதில்லை.

அவரைத் திருச்சி பொன்மலையிலிருந்தே எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்ட். டல்சி டெலிபோன் ஆபரேட்டர். அவர் கணவர் ரெஜி இன்ஜின் டிரைவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்த அந்தக் காலனியில் ரயில்வேக்காரர்களுக்கென்று ஒரு கிளப்பும், அதில் மரத்தளம் போட்ட பெரிய ஹாலும் இருந்தன. கிறிஸ்துமஸை ஒட்டி மற்ற ரயில்வே ஊர்களிலிருந்து டீம்கள் வந்து அங்கே போட்டி நடக்கும். பொன்மலை டீம் வருஷா வருஷம் அரக்கோணத்திடம் தோற்கும். தோற்பதற்காவது ஒரு டீம் இருந்தது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பத் தொடங்கியது. பியானோவை விற்றார்கள், நாயைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள், போய்விட்டார்கள். ஒரு வருஷம் திரும்பிப் பார்த்தால் மூன்று ஜோடிதான் மிச்சம். நான்காவது ஜோடி இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்கவே மாட்டார்கள்.

டல்சி நேராக என் மேஜைக்கு வந்தார். "ஏ ஸ்டெல்லா, டைப் அடிக்கிறப்ப நீ கால் ஆட்டுற. நான் பாத்துட்டேன். தாளம் கரெக்டா இருக்கு. சாயங்காலம் கிளப்புக்கு வா."

"ஐயோ ஆன்ட்டி, எங்கப்பா கொன்னுடுவாரு."

"கொல்லட்டும் மேன். டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

அப்பா பள்ளி ஆசிரியர். அவர் கொல்லவில்லை. கவுனின் கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். அம்மாதான் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினார். நான் முழங்காலிட்டு, ஆண்பிள்ளையோடு டான்ஸ் ஆடப் போகிறேன் என்றேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார், "ஒட்டிக்கிட்டு ஆடுற டேங்கோவா?" என்று கேட்டார். "இல்ல சாமி, வால்ஸ்" என்றேன். "அப்ப பரவாயில்ல" என்று ஆசீர்வதித்தார்.

அந்த ஆண்பிள்ளையைத்தான் இனிமேல் தேட வேண்டியிருந்தது. வரதன் அக்கவுன்ட்ஸ் பிரிவில் கிளார்க், ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கிளப்புக்கு கேரம் ஆட மட்டும்தான் வருவார். ஒருநாள் விளிம்புவரை நிரம்பிய இரண்டு காபி டம்ளர்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார். டம்ளரை அவர் பார்க்கவேயில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. டல்சி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ரெஜி, அந்த ஆளு நடக்கல மேன். மிதக்குறான்."

அதற்கொரு காரணம் இருந்தது. வரதனின் குடும்பத்து ஆண்கள் ஸ்ரீபாதம்தாங்கிகள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது பல்லக்கைத் தோளில் தாங்குகிறவர்கள். சிங்கம்போல ஒரு நடை, பாம்புபோல ஒரு நடை என்று அவர்கள் எல்லோரும் ஒரே உடம்பாக நடக்க வேண்டும், மேலே பெருமாள் குலுங்கக் கூடாது. வரதன் ஆபீஸ் போக, மீதி நேரத்தில் தன் முறை வரும்போது தாங்கப் போவார். டல்சி கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் மாமி. பெருமாளைத் தோள்ல ஏளப்பண்றவன், பொண்ணைத் தொட்டு ஆடினா ஊர்ல என்ன சொல்லுவா?"

"ஊர்ல சொல்லாத" என்றார் டல்சி.

இவ்வளவு எளிமையான வழி தனக்குத் தோன்றவில்லையே என்பதுபோல் வரதன் அவரைப் பார்த்தார். மறுநாள் ஷூவோடு வந்தார்.

இந்த ஆட்டத்தில் பெண்ணின் இடது கை ஆணின் வலது தோளில் இருக்கும். முதல் நாள் நான் பயந்து பயந்து கையை வைத்தேன். சட்டைக்கடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டு, "வீக்கமா சார்? வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வீக்கம் இல்ல. பெருமாள்" என்றார் வரதன்.

பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம். என் கை அதில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. தரையில் கேரம் பவுடரைத் தூவி, ஓரமாக இருந்த ரெக்கார்டு பிளேயரைப் போட்டுவிட்டு ஆடுவோம். கரண்ட் போனால் டல்சி கைதட்டி, வாயாலேயே பாட்டை முடித்துவைப்பார். அவர் உற்சாகப்படுத்துவது முழுக்க வசவுதான். ரெஜியின் பாராட்டு வேறு மாதிரி. புகைக்குழாயைப் பற்றவைத்தபடி, "இதவிட மோசமால்லாம் பாத்துருக்கேன்" என்பார். வரதன் மட்டும் தன் ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பல்லக்குத் தாங்கும்போது ஒருவர் தோள் தளர்ந்தால் பக்கத்திலிருப்பவர் கண்டுகொண்டு மெதுவாகக் "கொடு" என்பாராம். பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லையாம். அந்த ஒரு நொடிக்குப் பளு இவர் தோளுக்கு வந்துவிடும். நான் தடுமாறும் இடங்களில் வரதன் "கொடு" என்பார். என் கனத்தை அவரிடம் விட்டுவிட்டு ஒரு மூச்சு வாங்கிக்கொள்வேன். நாளடைவில் டீம் முழுக்க அந்த வார்த்தை பரவிவிட்டது. ரெஜி டல்சியிடம் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். டல்சி தன் கனத்தை முழுசாகக் கொடுத்துவிட்டதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்போது நான் ஆடுவது கென் என்பவரோடு. டிராம் ஓட்டியவர், நல்ல மனிதர். சேர்ந்து ஆடிய புதிதில், எனக்கே திருப்தியாக ஒரு வால்ஸ் அமைந்தது. முடிந்ததும் கென் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாட் பேட், ஸ்டெல்லா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஷூ மாட்டுகிறவளுக்கெல்லாம் லவ்லி சொல்கிற ஊரில் எனக்கு மட்டும் 'மோசமில்லை'யா? பாலக்கரைக்காரி சும்மா இருப்பாளா? "நீங்களும் அவ்வளவு மோசமில்லை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தால் கென் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே லவ்லி என்பது வணக்கம் மாதிரியாம். உண்மையாகவே நன்றாக இருந்தால்தான் நாட் பேட் என்பார்களாம். ரெஜி அங்கிள் பொன்மலையில் பிறந்த ஆஸ்திரேலியர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பொன்மலைக்கு வருகிறேன். மற்ற மூன்று ஜோடிகளுக்கும் ஃபாக்ஸ்ட்ராட்டில் உடம்பு துள்ளியது. துள்ளக் கூடாது, வழுக்க வேண்டும். வரதன் தாங்குவதை நேரில் பார்த்தால்தான் இந்தக் கழுதைகளுக்குப் புரியும் என்று டல்சி தீர்மானித்துவிட்டார். வரதனிடம் சொல்லவில்லை. மழை விட்டிருந்த ஒரு காலையில் டீம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் போய் நின்றது. டல்சி பூப்போட்ட கவுனில், உதட்டுச்சாயத்தோடு, மரியாதைக்காகத் தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெகு அடக்கமாக நின்றார். குடை வந்தது, நாதஸ்வரம் வந்தது, பெருமாள் வந்தார். ஈரத் தரையில் அத்தனை பாதங்களும் ஒன்றாக விழுந்தன. மேலே மாலை அசையவில்லை. டல்சியின் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். அப்போது பல்லக்கு மூலை திரும்பியது. வெளிப்பக்கம் நின்றவர்கள் எட்டி நடக்க வேண்டியிருந்தது. அதில் வரதன் இருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தோள் லேசாக இறங்கியது. டல்சியால் பொறுக்க முடியவில்லை.

"கமான் வரதா! ஷோல்டர் எறங்குது மேன்! கழுதை, தலையத் தூக்கு! ஆங்... அப்படித்தான், டார்லிங்!"

சரியாக அந்த நொடி பார்த்து நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். 'டார்லிங்' உத்தர வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது. எல்லாத் தலைகளும் திரும்பின. பல்லக்கின் முன்வரிசையில் இருந்த வரதனின் சித்தப்பா கோவிந்தன் மட்டும் திரும்பவில்லை. நடை கெடாமல் போய்க்கொண்டேயிருந்தார்.

வரதன் அன்றைக்குப் பிராக்டிஸுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, கேரம் ஆடக்கூட வரவில்லை. ஆபீஸில் என்னைக் கண்டால் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் நானும் டல்சியும் மன்னிப்புக் கேட்க ஸ்ரீரங்கத்துக்கே போனோம். வரதனின் அம்மா காபி கொடுத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். வரதன் சுவரோரமாக நின்றார். சித்தப்பா டல்சியைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"டார்லிங்னா என்ன அர்த்தம்மா?"

டல்சி கண்ணிமைக்காமல் சொன்னார். "நல்லா தாங்குறவன்னு அர்த்தம் சார்."

"நான் இத்தனை வருஷமா தபால் ஆபீஸ்ல இருக்கேன். போஸ்ட் கார்டுலயே எத்தனை டார்லிங் பாத்திருப்பேன்!"

டல்சி அவசரமாகக் காபி டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. "அவன் ஆடறது தப்பா சரியான்னு எனக்குத் தெரியலே. ஆனா பெருமாளைத் தாங்கற தோள்ல ஒரு பொண்ணு கை வெக்கறதுன்னா, என் மனசு ஒப்பலே."

அவர் சொன்னதில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குச் சண்டை போட வரவில்லை. "கை வெக்காம ஆட முடியாதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"எந்தத் தோள்?"

"வலதுங்க."

சித்தப்பா தன் இரண்டு தோள்களையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "வரதா, இனிமே நீ பல்லக்குக்கு அந்தப் பக்கம் வா. இடது தோள்ல தாங்கு" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இது என்ன நியாயம்?"

"மன்னி, பாதிப் பேர் இடது தோள்லதான் தாங்கறா. அவாளையெல்லாம் பெருமாள் வேண்டாம்னுட்டாரா?"

நியாயம் கிடைத்துவிட்டது, தோல்தான் உரிந்துபோனது. பழக்கமில்லாத இடது தோளில் தண்டு அழுத்திப் புண்ணாகிவிட்டது. ஆட்டத்திலோ ஆணின் இடது கை என் கையைப் பிடித்தபடி உயர்ந்தே இருக்க வேண்டும். வரதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். ரெஜி ஏதோ களிம்பு கொண்டுவந்து தடவிவிட்டார். மற்ற இரண்டு ஜோடிகளும் அவருக்காக வேண்டுமென்றே தப்பாக ஆடி, பாட்டை நிறுத்தவைத்து ஓய்வு கொடுத்தார்கள். டல்சிக்கும் மனசு கேட்கவில்லை, ஒரு சாயங்காலம் முழுக்கத் திட்டாமல் இருந்துபார்த்தார். வரதன் வெலவெலத்துப் போய் என்னிடம் வந்தார். "மாமி ஏன் திட்ட மாட்டேங்கறா? நான் அவ்வளவு மோசமாவா ஆடறேன்?" மறுநாள் டல்சி பழையபடி கழுதை என்றதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

போட்டி அன்று அரக்கோணத்துக்காரர்கள் பளபளக்கும் சாட்டினில் வந்து இறங்கினார்கள். எங்கள் கவுன்களை டல்சியே தைத்திருந்தார். வால்ஸ் சுமாராகப் போனது. ஃபாக்ஸ்ட்ராட் தொடங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வாசல் பக்கம் திரும்பும்போது வரதனின் உடம்பு என் கைக்குள் கட்டையாகிவிட்டது. வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். கூட இன்னும் மூன்று பேர், எல்லோரும் வேட்டியும் திருமண்ணுமாக, மட்டன் கட்லெட் அடுக்கியிருந்த மேஜையை விட்டு எட்டி. வரதனின் இடது கை இறங்கியது, கால் தாளத்தை விட்டது. பின்னாலேயே அரக்கோணம் ஜோடி ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்தது.

"கொடுங்க" என்றேன்.

அவர் கொடுத்துவிட்டார். அப்படியே, முழுசாக. பின்னோக்கி நடக்க வேண்டிய பெண் முன்னோக்கி வரவேண்டிய ஆணை நடத்திக்கொண்டு போவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. என் தோள்களை அகட்டி, அவரை இழுத்துக்கொண்டு அந்த மூலையைத் திரும்பினேன். மறுபக்கத்திலிருந்து, ரெஜியின் கைக்குள் சுழன்றபடியே டல்சி கத்தினார்: "கழுதைங்களா, சிரிங்க மேன்!" வரதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் கால் வந்தது. "கொடு" என்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, மிதந்தோம்.

அரக்கோணம்தான் ஜெயித்தது. அதை மாற்ற எங்களால் முடியவில்லை. ஆனால் ஃபாக்ஸ்ட்ராட்டில் மட்டும் எங்கள் ஜோடிக்கு முதலிடம். மெட்ராஸிலிருந்து வந்திருந்த நடுவர் வரதனின் கையைக் குலுக்கி, எங்கே கற்றுக்கொண்டாய் என்று இங்கிலீஷில் கேட்டார். "ஸ்ரீரங்கம்" என்றார் வரதன். அங்கே டான்ஸ் ஸ்கூல் இருப்பது தனக்குத் தெரியாதே என்று நடுவர் வியந்தார். "ரொம்பப் பழைய ஸ்கூல்" என்றார் டல்சி. "கேப்டன் அதோ வாசல்ல நிக்கிறாரு." நடுவர் அங்கே பார்த்துத் தலைகுனிந்து வணங்க, சித்தப்பா ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

கிளம்பும்போது சித்தப்பா என்னிடம் வந்தார். எங்களிடம் அவர் வாங்கிக்கொண்டது ஒரு கோலி சோடா மட்டும்தான். "நடுவுல ஒரு எடத்துல அவன் விட்டுட்டான். நீதான் தாங்கினே. பாத்தேன்" என்றார். நடுவர் பார்க்கவில்லை, அரக்கோணம் பார்க்கவில்லை. அப்பா எதைச் சொன்னாலும் அழாத நான், அந்தக் கிளப் வாசலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் டல்சியும் ரெஜியும் தையல் மெஷினை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அதோடு டீம் கலைந்தது. வரதன் இப்போதும் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறார், சித்தப்பா நின்ற முன்வரிசைக்கு வந்துவிட்டாராம், தாங்குவது இடது தோளில்தானாம். எனக்குக் கல்யாணமாகி, கணவரின் வேலையோடு நானும் இங்கே வந்துசேர்ந்தேன். வந்த சில மாதங்களில் டான்டினாங் மார்க்கெட்டில் ஒரு மீன்காரனிடம், "இதுக்குப் பேரு மீனா மேன்?" என்று தமிழில் ஒரு குரல் சண்டை போடுவதைக் கேட்டேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த வியாழக்கிழமையே என்னை டீமில் சேர்த்துவிட்டார்.

என் மொழிபெயர்ப்புகளின் பலனை இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். கழுதை என்றால் 'பிரமாதம்' என்று இந்த டீம் முடிவு செய்துவிட்டது. "யூ வேர் அ ரியல் கலுதை டுநைட்" என்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் கென் என் கணவரிடம், உங்கள் மனைவி ஒரு கலுதை என்று மனமார வாழ்த்தினார். என் கணவர், "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். ஒருமுறை கென் தடுமாறியபோது பழக்கதோஷத்தில் "கொடு" என்றேன். "குட் டூ வாட், லவ்?" என்று கேட்டுக்கொண்டே என் காலை மிதித்துவிட்டார்.

சென்ற சனிக்கிழமை பாலரட் என்ற வெளியூரில் போட்டி. மூன்றாவதாக வந்தோம். மற்றவர்கள் கென்னின் வேனில் போய்விட, நானும் டல்சியும் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றோம். வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. கவுனுக்கு மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, குயிக்ஸ்டெப்பில் இடித்தது யார் என்று தமிழில் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களையே பார்த்திருந்துவிட்டு, சொந்த ஊர் எது கண்ணுகளா என்று அன்பாகக் கேட்டாள்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் "டான்டினாங்" என்றேன். டல்சி "திருச்சி" என்றார்.

மூதாட்டி ஊசியை நிறுத்திவிட்டு, டல்சியின் சிவந்த முகத்தையும் சாம்பல்நிறக் கண்களையும் பார்த்தாள். பிறகு என் கறுத்த முகத்தைப் பார்த்தாள். இரண்டில் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டதோ என்பதுபோல மறுபடியும் டல்சியைப் பார்த்தாள். அதற்குள் நாங்களும் சண்டையை மறந்து ஒருவரையொருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.